குடியிருப்புப் பூனைகளுக்குக் கருத்தடை: 11 பூனை, 2 கூண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாம்பலம் மாடிவீடு

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் 24 வீடுகள் உள்ள பழைய குடியிருப்பு. கீழே கார் நிறுத்துமிடத்தில் 11 பூனைகள். எங்கள் கணக்குப்படி கடுவன் 4, பெட்டை 5. பெட்டைகளில் ஒன்றுக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது, சினைதான். இன்னொன்று மோட்டார் அறைக்குப் பின்னால் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்குக் கண் திறந்துவிட்டது, நடை இன்னும் தள்ளாட்டம்தான். மீதி 2 நான்கு மாதக் குட்டிகள், ஆணா பெண்ணா தெரியவில்லை. கையில் வருகிறவை மூன்றே மூன்று.

சங்கக் கூட்டத்தில் "சாக்கில் பிடித்துக் கோயம்பேட்டில் விட்டுவிடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். கருத்தடை செய்து காட்டுகிறோம் என்று அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறோம். நாங்கள் நான்கு பேர், கூண்டு இரண்டு (இரவல்). எதை முதலில் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது, ஆபரேஷனுக்குப் பிறகு எங்கே எத்தனை நாள் வைத்திருப்பது? பொத்தாம்பொதுவாக இல்லாமல் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கூண்டுக்காரர்

முதலில் அந்த இரண்டு கூண்டையும் ஓரமாக வையுங்கள். இப்போதைக்கு உங்கள் வேலை சாப்பாட்டு நேரத்தைக் கட்டுவது மட்டும்தான். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும். பாவம் பார்த்து மீதியை வைத்துவிட்டு வராதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் எல்லாம் அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். 11 என்று எண்ணியது உண்மையில் 13 அல்லது 14 என்பதும் அப்போதுதான் தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் முகம், இடப்பக்கம், வலப்பக்கம் என மூன்று படம் எடுத்து எண் கொடுங்கள். ஒரே மாதிரி சாம்பல் வரிப் பூனை இரண்டு இருந்தால், ஆபரேஷன் ஆனதையே மறுபடி பிடித்து மயக்க ஊசி வரை போவது நிறைய நடக்கிறது.

கூண்டு வைக்கும் நாளுக்கு முந்தைய இரவிலிருந்து வேறு எந்தக் கையிலிருந்தும் சாப்பாடு போகக்கூடாது. வாட்ச்மேன் போடும் பிஸ்கட், மீன்காரம்மா எறியும் தலை, மூன்றாம் மாடி மாமியின் தயிர்சாதம் எல்லாம் ஒரு நாள் நிற்க வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூண்டு வைக்காதீர்கள், குப்பைத் தொட்டி முழுக்க மீன் முள்ளும் கோழி எலும்பும்தான். உங்கள் பகுதியில் அமாவாசையும் வேண்டாம். காக்காய்க்கு வைத்த சாதத்தைத் தின்றுவிட்டு ஒன்றும் உங்கள் பக்கம் திரும்பாது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் விட்டுவிடுங்கள், வெடிச் சத்தத்தில் கூட்டமே கலைந்திருக்கும்.

பிடிக்கும் வரிசை இப்படி. பெட்டைகள் முதலில், அதிலும் கைக்கு வராதவை முதலில். கையில் வரும் மூன்றையும் என்றைக்கு வேண்டுமானாலும் கூடையில் எடுத்துப் போகலாம், அதற்காகக் கூண்டு நாளை வீணாக்காதீர்கள். மிரளும் பூனை மற்றது மாட்டி அலறுவதைப் பார்த்துவிட்டால் அதன் பிறகு கூண்டுப் பக்கமே வராது. நான்கு மாதக் குட்டிகளைச் சின்னது என்று தள்ளிப்போடாதீர்கள். பெட்டை நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கலாம், 63 முதல் 65 நாளில் ஈனும். சென்னை மாதிரி ஊரில் குளிர்கால இடைவெளியும் கிடையாது, பருவம் வருடம் முழுக்க ஓடும்.

ஆணா பெண்ணா என்று வாலைத் தூக்கிப் பாருங்கள். பெட்டைக்கு ஆசனவாயும் கீழே உள்ள துவாரமும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும், கீழே இருப்பது நீளக் கோடு. கடுவனுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி, கீழே வட்டம். கைக்கு வராததை நிறத்தை வைத்து ஊகிக்கலாம். வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் கலந்திருந்தால் அநேகமாகப் பெட்டைதான். முழுச் செம்பழுப்பில் ஐந்துக்கு நான்கு கடுவன்.

இனி கூண்டு. இரவல் கூண்டு எலிக்கூண்டை நீட்டியது மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீளம் குறைந்தது 75 செ.மீ., அகலம் 25 முதல் 30, உயரம் 30 முதல் 35 இருக்க வேண்டும். நீளம் குறைந்தால் கதவு வாலிலோ முதுகிலோ விழும், பூனை பின்னால் உதைத்து வெளியே வந்துவிடும். கம்பி இடைவெளி ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மிதிதட்டு, அதாவது பூனை கால் வைத்ததும் கதவை விழவைக்கும் தட்டு, கூண்டின் உள்ளே மூன்றில் இரண்டு பங்கு தாண்டி இருக்க வேண்டும். பின்பக்கம் மேலே இழுத்துத் திறக்கும் இன்னொரு கதவு அவசியம். டாக்டரிடம் போனபின் பூனையை மாற்றவும், பிறகு திறந்துவிடவும் அது இல்லாமல் கஷ்டம். கிரில் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். உள்ளே வெல்டிங் பொட்டு எதுவும் கூராக நிற்காமல் அரம் போடச் சொல்லுங்கள். பயந்த பூனை மூக்கைத் தேய்த்துத் தேய்த்தே ரத்தம் வரவழைத்துக்கொள்ளும்.

சாயங்காலம் வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குக் கால் மணி முன்னால் வையுங்கள். தரை ஆடக்கூடாது, ஆடினால் முதல் காலோடு திரும்பிவிடும். தரைக் கம்பியின் மேல் செய்தித்தாளை நான்காக மடித்து விரித்து, ஓரத்தைத் துணிக் கிளிப்பால் கவ்வுங்கள். மிதிதட்டும் தாளுக்குள் மறைய வேண்டும், ஆனால் தாள் அதன் கீழே நுழைந்து தடுக்கக்கூடாது. உங்கள் கையால் ஒருமுறை லேசாக அமுக்கிக் கதவு விழுகிறதா என்று பாருங்கள். இரையாகச் சுட்ட நெத்திலிக் கருவாடு அல்லது எண்ணெயோடு டப்பா மீன், கடைசிக் கம்பி ஓரத்தில் ஒரு ஸ்பூன் மட்டும். வாசலிலிருந்து உள்ளே விரல் நகம் அளவுத் துண்டாக நாலைந்து. இதற்கு மேல் வைத்தால் வாசலிலேயே வயிறு நிறைந்துவிடும்.

வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, கூண்டு கண்ணில் படும்படி உட்காருங்கள். தெருநாய் வந்து கூண்டைச் சுற்றினால் உள்ளே இருப்பது நெஞ்சு வெடிக்கப் பயப்படும். கதவு விழுந்த உடனே பெட்ஷீட்டால் முழுக்க மூடுங்கள். இருட்டானதும் குதிப்பது நின்றுவிடும். பிறகு கதவைக் கம்பியால் கட்டி எண்ணை எழுதி ஒட்டுங்கள். பெருச்சாளி விழுந்திருந்தாலும் துணியைப் போட்டுவிட்டே திறவுங்கள், அது கடித்தாலும் ஊசிதான். ஒரே கூண்டில் இரண்டு பூனை நுழைந்துவிட்டால் அப்படியே அனுப்பக்கூடாது, வழியிலேயே கிழித்துக்கொள்ளும்.

இன்னொன்று, மார்க்கெட்டில் விடுகிற யோசனை. அங்கே ஏற்கனவே பூனைகள் இருக்கும், புதியது அடிபட்டு ஓடும். இங்கே காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆபரேஷன் ஆகாதது வரும். சங்கத்துக்கு லாபம் ஒன்றுமில்லை.

கம்பவுண்டர் பேட்டை

அண்ணன் பிடிப்பது வரை சொல்லிவிட்டார். நான் அதற்குப் பிறகு.

கூண்டு வைப்பதற்கு முன்பே மருத்துவமனையில் தேதி வாங்குங்கள். பிடித்துவிட்டு இடம் தேடினால் பூனை மூன்று நாள் கம்பிக்குள் கிடக்கும். போனில் கேட்க வேண்டியவை இவை: கையில் பிடிக்க முடியாத பூனையைக் கூண்டோடு எடுப்பார்களா, ஒரு நாளைக்கு எத்தனை, குறைந்தபட்ச எடை எவ்வளவு (ஒரு கிலோவிலேயே செய்பவர்களும் உண்டு, இரண்டு கிலோ கேட்பவர்களும் உண்டு), கரையும் தையல் போடுவார்களா, காது நுனி வெட்டுவார்களா, அதே மயக்கத்தில் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவிடுவார்களா. தையல் விஷயத்தை இரண்டு முறை கேளுங்கள். தோலுக்கு நைலான் நூல் போட்டுவிட்டால் பத்து நாள் கழித்துப் பிரிக்க வேண்டும். இந்தப் பூனையை மறுபடி யார் பிடிப்பது? உள்தையலாகக் கரையும் நூலில் முடிக்கச் சொல்லுங்கள்.

வளர்ந்த பூனைக்கு 8 முதல் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்கத்துக்குப் பல இடங்களில் சைலசீன் என்ற மருந்தைக் கலந்து போடுகிறார்கள், அது பூனைக்கு வாந்தியைக் கிளப்பும். பாதி மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போனால் முடிந்தது. சாயங்காலம் பிடித்து இரவு வைத்திருந்து காலையில் கொண்டுபோனால் கணக்கு சரியாக வரும், கூண்டில் வைத்த அந்த ஒரு ஸ்பூன் பரவாயில்லை. குட்டிகளுக்கு இந்தப் பட்டினி கூடாது. இரண்டு முதல் நான்கு மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் சர்க்கரை இறங்கிவிடும். கடைசியாக எப்போது தின்றது என்று எண் அட்டையிலேயே எழுதி அனுப்புங்கள்.

காது விஷயத்தில் சிலர் மனசு கேட்காமல் வேண்டாம் என்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியில் சுமார் ஒரு செ.மீ. நேராக வெட்டுவது, அவ்வளவுதான். கழுத்துப்பட்டை மரத்தில் மாட்டும், சாயம் போய்விடும். பெட்டையின் தழும்பு முடி வளர்ந்தால் தெரியாது. இருபது அடி தூரத்திலிருந்து "இது முடிந்தது" என்று சொல்ல வேறு வழி இல்லை.

திரும்பி வந்தபின். கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் செய்தித்தாள் பரப்புங்கள். மூத்திரம் கம்பி வழியாகக் கீழே இறங்கும், கதவைத் திறக்காமலே தாளை மாற்றலாம். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாததால் சுத்தம் செய்யப்போய்த் தப்பிய பூனைகள்தான் அதிகம். மணல் தட்டு முதல் இரவு வேண்டாம், புண்ணிலும் கண்ணிலும் ஒட்டும். மயக்கத்தில் கண் திறந்தே இருக்கும், பயப்படாதீர்கள். பக்கவாட்டில் படுத்திருக்கிறதா, கழுத்து நீண்டு மூச்சு தடையில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுந்து நிற்கும்வரை தண்ணீர்க் கிண்ணம் உள்ளே போகக்கூடாது, தலை கவிழ்ந்து மூழ்கும். சென்னை வெயிலிலும் மயக்கத்தில் உடம்பு சில்லென்று ஆகும். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு பிடிக்காவிட்டால் அது நகர இடம் இருக்க வேண்டும்.

முழுத் தெளிவு வந்தபின் தண்ணீர். சாப்பாடு வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. கடுவனை 24 மணி நேரம், பெட்டையை 48 மணி நேரம் வைத்திருந்து விடலாம். கடுவனுக்குத் தையலே இருக்காது, சின்னக் கீறல் தானாக மூடும். தாளில் இரண்டு சொட்டு ரத்தம் சகஜம். ஆனால் 24 மணி நேரமாக மூத்திரமே இல்லாத கடுவனை விடக்கூடாது, உடனே டாக்டரிடம். பெட்டையின் தையல் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு கெட்டி வீக்கம் சிலதுக்கு வரும், தானே வற்றும். ஈரம் கசிகிறது, விளிம்பு பிரிகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, தெளிந்தபின் மறுபடி சரிகிறது என்றால் காத்திருக்காதீர்கள், உள்ளே ரத்தம் போகலாம்.

வலி மாத்திரை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. மனிதனுக்கான பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடும். புண்ணைத் துடைக்க டெட்டால் வேண்டாம், தரையைத் துடைக்க பினாயிலும் வேண்டாம். இரண்டுமே பூனைக்கு நஞ்சு, கால் வழியாக நக்கி உள்ளே போய்விடும்.

புளியமரத்தடி

கூண்டைக் கழுவுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு பூனைக்கும் அடுத்த பூனைக்கும் நடுவில் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிறகு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் 32 பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசிக் காய வையுங்கள். பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் (பான்லூக்) சுற்றுப்புறத்தில் பல மாதம், சில சமயம் ஒரு வருடம் வரை இருக்கும். சோப்புக்கோ பினாயிலுக்கோ அது சாகாது. அழுக்கு இருந்தால் ப்ளீச்சும் வேலை செய்யாது, அதனால்தான் முதலில் தேய்க்கச் சொல்வது. குட்டி திடீரென்று சாப்பிடாமல், தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கூண்டை மற்றதுக்கு எடுக்காதீர்கள்.

கம்பவுண்டர் சொன்ன அனைத்தும் சரி. சினைப் பெட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. "பெட்டை முதலில்" என்று அண்ணன் சொன்னதால் இவர்கள் நாளையே அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வயிறு இறங்கி முலை பருத்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

கம்பவுண்டர் பேட்டை

கட்சி இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். சினையில் இருக்கும்போதே கர்ப்பப்பையோடு எடுப்பது வழக்கமான ஆபரேஷன்தான். ரத்தக்குழாய்கள் பருத்திருக்கும், நேரம் கூடும், சலைன் ஏற்ற வேண்டும், அனுபவமுள்ள கை வேண்டும். ஈனவிட்டால் மூன்று முதல் ஐந்து குட்டி, அவற்றுக்கு வீடு பார்க்க வேண்டியது இந்த நான்கு பேர். கார் நிறுத்துமிடத்தில் பிறக்கும் குட்டிகளில் எத்தனை பிழைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அதே சமயம் நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். முலையைப் பிதுக்கினால் பால் வருகிறது, இடம் தேடி அலைகிறது என்றால் இன்றோ நாளையோ ஈனும், அந்த நிலையில் கூண்டில் அடைக்கக்கூடாது. நடுச் சினை என்றால் முதல் தேதியிலேயே கொண்டுபோய், செய்வதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் விட வேண்டும். "சினை" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், மேசையில் படுக்கவைத்தபின் தெரிந்தால் அவருக்கும் சங்கடம்.

மாம்பலம் மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. சினைப் பூனையின் முலையில் இன்னும் பால் இல்லை, வாட்ச்மேன் தடவிப் பார்த்தார், அவரிடம் மட்டும் அது வரும். டாக்டரிடம் கேட்கிறோம்.

மூன்று சந்தேகம். ஒன்று, மோட்டார் அறைத் தாய். இரண்டு, பெரிய தலைக் கடுவன் ஒருமுறை யாரோ வைத்த கூண்டில் மாட்டித் தப்பியதாம், கூண்டைப் பார்த்தாலே சுவர் ஏறிவிடுகிறது. மூன்று, சாப்பாடு எவ்வளவு, எங்கே வைப்பது? சங்கச் செயலாளர் "சோறு போடுவதே சட்டப்படி தப்பு" என்கிறார்.

நெத்திலி அக்கா

மூன்றாவதிலிருந்து வருகிறேன், அதுதான் சுலபம்.

செயலாளரிடம் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், விதி 20. சமுதாய விலங்குகளுக்கு உணவிட ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்றே இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் இவற்றிலிருந்து தள்ளி இடம் ஒதுக்க வேண்டும், உணவிடுபவர் குப்பை செய்யக்கூடாது. அதாவது உங்களுக்கும் அதில் கடமை இருக்கிறது. சாக்கில் கட்டி வேறு இடத்தில் பட்டினி கிடக்க விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும். கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 325ஆம் பிரிவு. இதைச் சண்டைக்காகச் சொல்லாமல், நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவு: நான்கு கிலோ பூனைக்கு நாளைக்குச் சுமார் 60 கிராம் உலர் தீவனம். 11க்கு 650 கிராம் வைத்துக்கொள்ளுங்கள், குட்டிக்குப் பாலூட்டும் தாய்க்கு இரண்டு மடங்கு தனியாக. வீட்டில் சமைப்பதென்றால் வேகவைத்த மத்தியோ கோழியோ அதிகம், சோறு கொஞ்சம். நம் ஊர் வழக்கம் தலைகீழ். வெறும் சோறும் பாலும் தின்றால் வயிறு நிறையும், டாரின் என்ற சத்து கிடைக்காது, அது இல்லாமல் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகளில் நிறையப் பேருக்குப் பால் பேதியாகும். மசாலாவோடு சிக்கனைப் போடாதீர்கள், வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும்.

எறும்புக்குப் பெரிய தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் சாப்பாட்டுத் தட்டு. குடிக்கத் தண்ணீர் மண் சட்டியில், சாப்பாட்டிலிருந்து நாலடி தள்ளி. மலம் பற்றிய புகார்தான் சங்கங்களில் முதல் புகார், அதனால் யாரும் போகாத மூலையில் ஒரு பாண்டுச் சட்டியில் சலித்த மணல் போட்டு வையுங்கள், தினமும் அள்ளுங்கள். வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் வந்தபின் தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாள் ஆகும். தினம் அள்ளினாலே கர்ப்பிணிகள் உள்ள வீட்டாரின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். அள்ளுவது கர்ப்பிணியாக இருக்க வேண்டாம், அவ்வளவே. உண்ணிக்கு நாய்க்கு வாங்கிய மருந்தைப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும்.

தாய்ப் பூனை: கண் திறந்து தள்ளாடுகிறது என்றால் குட்டிகளுக்கு இரண்டு, மூன்று வாரம். இப்போது தொடாதீர்கள், இடத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், தூக்கிக்கொண்டு வேறு எங்காவது போய்விடும். குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கிய ஐந்து, ஆறு வாரத்தில் தாயைப் பிடியுங்கள். அதற்கு மேல் தள்ளினால் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினை பிடித்துவிடும். விலாப்பக்கம் வெட்டிச் செய்யச் சொல்லுங்கள். பால் மடி குறுக்கே வராது, குட்டி முட்டினாலும் தையல் பத்திரம், தூரத்திலிருந்தே புண்ணைப் பார்க்கவும் முடியும். நன்றாகத் தெளிந்ததும் மறுநாள் காலையே விட்டுவிடலாம், 48 மணி நேரம் கணக்கு இதற்கு இல்லை. பால் நிற்காது. குட்டிகளுக்கு வீடு பார்ப்பதானால் அந்த வயதுதான் சரி. எட்டு, ஒன்பது வாரம் தாண்டிவிட்டால் மனிதக் கை பழகுவது கஷ்டம்.

நான்கு பேரும் முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்: 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள். கடியோ ரத்தம் வந்த பிறாண்டலோ இருந்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே போட்டிருந்தால் 0, 3 என இரண்டு ஊசியோடு முடியும். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், மறுநாள் கை வீங்கும். மஞ்சள் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

கூண்டுக்காரர்

கடுவனுக்கு இரண்டு வழி. முதல் வழி, கூண்டின் இரண்டு கதவையும் கம்பியால் கட்டித் திறந்தபடி வைத்து, சாப்பாட்டை அதன் பக்கத்தில் வையுங்கள். நாளுக்கு ஒரு சாண் உள்ளே நகர்த்துங்கள். கடைசிக் கம்பி வரை போய் நிதானமாகத் தின்றுவிட்டு வருகிறது என்றானபின், ஒரு நாள் பட்டினி, அடுத்த நாள் கட்டை அவிழ்க்கலாம். அவசரப்பட்டுப் பாதி தூரத்தில் அவிழ்த்தால் மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது, கவிழ்க்கும் கூண்டு. மூன்றடிக்கு மூன்றடி, உயரம் ஒன்றேகால் அடி, பிவிசி குழாய்ச் சட்டம், மேலும் நான்கு பக்கமும் வலை. அடிச் சட்டக் குழாய்க்குள் மணல் நிரப்புங்கள், இல்லாவிட்டால் இந்த அளவுக் கடுவன் நெம்பித் தூக்கிவிடும். ஒரு பக்கத்தில் மேலே இழுக்கும் சின்னக் கதவு வேண்டும், பெட்டிக்கூண்டின் (முதலில் சொன்ன நீளக் கூண்டு) பின்கதவோடு அளவு ஒத்துப்போக வேண்டும். ஒரு விளிம்பை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் முட்டுக் கொடுத்து, பாட்டில் கழுத்தில் கயிறு கட்டித் தூரத்தில் உட்காருங்கள். தலையை நுழைத்ததும் இழுக்காதீர்கள். வால் உள்ளே வந்து, தட்டில் முகம் புதைந்து, இரண்டாவது வாய் எடுக்கும்போது ஒரே வெட்டு. விழுந்த நொடியில் ஒருவர் விளிம்பில் உட்கார, இன்னொருவர் போர்வை போட வேண்டும். பிறகு பெட்டிக்கூண்டைக் கதவோடு ஒட்டி வைத்து, போர்வையைக் கடுவன் பக்கமிருந்து மெதுவாக விலக்கி, பெட்டிக்கூண்டை மட்டும் மூடி வையுங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குத் தானே ஓடும். இரண்டு கூண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் அதில்தான் போகும், காலால் அணைத்துப் பிடியுங்கள்.

செயலாளரிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடுவன் ஆபரேஷன் ஆன மறுநாளே சுவரில் பீய்ச்சுவதும் சண்டையும் நிற்காது, சில வாரம் ஆகும். அதுவரை பெட்டையைச் சினைப்படுத்தவும் கூடும். இதைச் சொல்லாமல் விட்டால் பத்தாம் நாள் "பணம் போச்சு, பூனை மாறவில்லை" என்று வருவார்.

புளியமரத்தடி

கூடவே இதையும் குறித்து வையுங்கள். காது வெட்டிய பெட்டை சில மாதம் கழித்து, பருவத்துக்கு வந்தது மாதிரி மறுபடி உருண்டு கத்தினால், கருப்பைத் துணுக்கு இல்லை, சூலகத் துணுக்கு உள்ளே தங்கியிருக்கும். வீடியோ எடுத்துத் தேதியோடு அதே டாக்டரிடம் காட்டுங்கள். எண் போட்டு நோட்டு வைத்திருந்தால்தான் எது, எப்போது செய்தது என்று சொல்ல முடியும். நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: காது வெட்டில்லாத புதுமுகம் வந்த தேதி. பதினொன்றில் எட்டு முடிந்ததும் குழு கலைந்துவிடுவதுதான் வழக்கம். மீதி மூன்றில் ஒரு பெட்டை இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று.

மாம்பலம் மாடிவீடு

குறித்துக்கொண்டோம். ஒன்றாம் தேதி முதல் ஏழு மணிச் சாப்பாடு, மாமியிடம் நானே பேசிவிட்டேன். அமாவாசை சாதத்தை மொட்டை மாடியில் வைத்துக் கதவைச் சாத்துவதாகச் சொல்லியிருக்கிறார். பிவிசி குழாய் முக்கால் அங்குலம் போதுமா, ஒரு அங்குலமா?

கூண்டுக்காரர்

ஒரு அங்குலம். முக்கால் அங்குலம் மூன்றடி நீளத்தில் வளையும், வளைந்த இடத்தில் பூனை மூக்கை விடும். மூலை முட்டிகளை ஒட்டுவதற்கு முன்னால் மணலை நிரப்பிவிடுங்கள்.